மூன்று ரம்பங்களும் ஒரே பக்கம் கோணல்

ஜூலை 8, செவ்வாய்

காலை ஏழுக்கே வெயில். தண்ணீர் லாரி வரவில்லை. வரவில்லை என்று மாடி வீட்டுக்காரர்தான் சொல்கிறார். அவர் வீட்டுக் குடங்கள் மட்டும் எப்படியோ நிரம்பியிருக்கின்றன.

பாலவாக்கம் வேலை உறுதி. ஹால் முழுக்கக் கூரையை ஒட்டித் தேக்குக் கார்னிஸ். ஒன்பது அங்குல அகலப் பலகை, சாய்வாகப் பொருத்த வேண்டும். பதினான்கு மூலை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம். ஒவ்வொரு மூலையிலும் இரண்டு பக்கம் சரிந்த வெட்டு. கையால் அறுத்தால் ஒரு மூலைக்கு அரை நாள், அதுவும் ஏகாம்பரம் மாதிரி ஒரு தச்சருக்கு. அவர் ஆறு வருடமாக என்னிடம் வேலை செய்கிறார். தோள்பட்டை வலி என்கிறார் இப்போது. வேலை கனமாக வரும்போதுதான் வலி வருகிறது. கவனிக்க வேண்டும்.

ஆகவே மிஷின் வாங்கியாக வேண்டும். ஸ்லைடிங் காம்பவுண்ட் மைட்டர் ஸா. தலை இரண்டு கம்பிகளின் மேல் முன்னும் பின்னும் ஓடும், திரும்பும், சாயும். அகலப் பலகையை எந்தக் கோணத்திலும் ஒரே இழுப்பில் அறுக்கும். வெளிநாட்டுச் சரக்கு. இந்த ஊரில் விற்பனைக்கு மூன்றுதான் இருப்பதாக விசாரித்ததில் தெரிகிறது.

பார்க்க வேண்டியவை:
1. 220 வோல்ட்தானா. அமெரிக்க மிஷினை லேபிள் மாற்றி விற்கிறார்கள்.
2. கம்பிகளில் ஆட்டம்.
3. 90-இல் நிறுத்தினால் பிளேடு உண்மையிலேயே 90-இல் நிற்கிறதா. மூலைமட்டம், டார்ச்.
4. மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்மானம். புதிது என்று சொல்லிப் பழையதைத் தலையில் கட்டுவான்.
5. யார் விற்கிறான், ஏன் விற்கிறான்.

ஐந்தாவது முதலில் இருந்திருக்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

தி. நகர். ஆடி பிறக்க இன்னும் ஒரு வாரம், அதற்குள் தள்ளுபடி போர்டுகள். பஸ்ஸில் ஒருவர் காலை மிதித்துவிட்டு என்னையே முறைத்தார்.

ஹார்டுவேர் கடை அண்ணாச்சி மிஷினைத் துணி போர்த்தி மாடியில் வைத்திருந்தார். விற்கிற பொருளுக்கு எதற்குத் துணி? கேட்டேன். தூசிக்காம். மூலைமட்டத்தை மேஜையில் நிறுத்தி, பிளேடோடு ஒட்டி, பின்னாலிருந்து டார்ச் அடித்தேன். நுனியில் வெளிச்சம். ஒரு போஸ்ட் கார்டு நுழையும் இடைவெளி.

“டார்ச் அடிச்சு என்னத்தத் தேடுதிய சார், கெணத்துல செம்பு கிம்பு விழுந்துட்டா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இடைவெளியைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“இந்த வெளிச்சமா? இது ஒரு வெளிச்சமா சார்? ரெண்டு திருகு திருகினா அடங்கிரும். கோயம்புத்தூர்ல ஒருத்தர் கேட்டுட்டுக் கெடக்காரு, உங்களுக்காகத்தான் வச்சிருக்கேன், பாத்துக்கிடுங்க.”

எனக்காக வைத்திருக்கிறாராம். என்னை அவர் பார்த்ததே இன்றுதான். வந்துவிட்டேன்.

மூலைமட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டு அங்குலம், எஃகு, இங்கிலாந்துச் சரக்கு. கிண்டி ஃபாக்டரியில் நான் அளவு பார்த்துக் கையெழுத்துப் போட்ட பத்தொன்பது வருடமும் என் மேஜையில் இருந்தது. அங்கிருந்து நான் கொண்டு வந்த ஒரே பொருள். அங்கே பொய் சொல்லாததும் அது ஒன்றுதான்.

ஜூலை 12, சனி

பால் கார்டு புதுப்பித்தாயிற்று. கண் டாக்டர், அடுத்த மாதம்.

அடையாறு காந்தி நகர். மஸ்கட்டிலிருந்து திரும்பியவர், கொண்டு வந்த மிஷினை விற்கிறார். பெரிய வீடு, பெரிய நாய். மிஷினை உபயோகிக்கவே இல்லை என்றார். பிளேடில் மரப்பால் கறை. “அது சும்மா ஒரு தடவை டெஸ்ட் பண்ணினது சார்.” ஒரு தடவை பொய் சொன்னவர் பல தடவை சொல்வார். மூலைமட்டம் வைத்தேன். வெளிச்சம். அதே பக்கம், அதே போஸ்ட் கார்டு அளவு.

அவர் மனைவி கொடுத்த காபி நன்றாக இருந்தது. தேவைக்கு மேல் உபசாரம்.

ஜூலை 14, திங்கள்

இரவு மழை பெய்திருக்கிறது. என் மரவேலை ஷெட்டில் ஒழுகல், ஓரப் பலகை இரண்டு நனைந்துவிட்டன.

வேறு வழியில்லாமல் கிண்டி தொழிற்பேட்டை. வரதராஜனின் ஏஜென்சி.

அவன் பெயரை இந்த டைரியில் எழுதக் கூடாது என்றிருந்தேன். ஃபாக்டரியில் எனக்கு நான்கு வருடம் ஜூனியர். எனக்கு வர வேண்டிய ஒர்க்ஸ் மேனேஜர் நாற்காலியில் எட்டு வருடம் முன்பு போய் உட்கார்ந்தவன். மேலிடத்தில் என்னைப் பற்றி என்ன சொன்னான் என்று இன்றுவரை தெரியாது. ஏதோ சொன்னான். நாற்காலி கிடைத்த மறுநாளிலிருந்து ‘சார்’ போய்விட்டது. நான் வெளியே வந்தேன். பிறகு அவனும் வெளியே வந்து இந்த வியாபாரம்.

இன்று மறுபடியும் ‘சார்’. “வாங்க சார், எவ்வளவு வருஷம் ஆச்சு. மோர் சாப்பிடறீங்களா?” தலை நரைத்திருக்கிறான். மோர் வேண்டாம் என்றேன்.

மிஷின் புதிது. அட்டைப்பெட்டி, கையேடு, எல்லாம் ஒழுங்கு. கம்பிகளில் ஆட்டம் துளியும் இல்லை. ஆடி வருவதால் யாரும் புது மிஷின் வாங்க மாட்டார்கள், விலை குறைத்துத் தருகிறேன் என்றான். உஷாரானேன். மூலைமட்டம், டார்ச். வெளிச்சம். அதே பக்கம், அதே அளவு.

அவனுடைய விற்பனையாளர்கள் மூன்று பேர் சுற்றி நின்றார்கள். சத்தமாகவே சொன்னேன்: “கோணல் சரக்கை நேர்னு காட்டறது உனக்குப் புதுசா வரதா? அப்பவே கை வந்த வேலைதானே.”

வரதன் மூலைமட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சட்டென்று பதில் சொல்லாதவன் குற்றவாளி.

திரும்பும்போது நடையே இலேசாக இருந்தது. எட்டு வருடம் கழித்து.

ஜூலை 15, செவ்வாய்

இரவுச் சாப்பாட்டின்போது கமலாவிடம் மூன்று மிஷின் கதையும் சொன்னேன். பள்ளியில் கணக்கு எடுக்கிறாள், பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே கேட்டாள்.

“ஏன்னா, மூணும் ஒரே பக்கமா, ஒரே அளவு கோணலா இருக்குன்னா உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?”

தோன்றியது என்றேன். மூன்றும் ஒரே கப்பலில் வந்த கழிவுச் சரக்கு. இந்த மூன்று பேரும் உள்ளுக்குள் ஒன்று.

“மஸ்கட்காரரும் அண்ணாச்சியுமா?”

ஏன் கூடாது?

தாளில் யாருக்கோ சுழி போட்டாள்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. கோயில் லவுட் ஸ்பீக்கர் விடிகாலையிலிருந்தே. டெலிபோன் இரண்டு நாளாகச் செத்திருந்தது, இன்றுதான் உயிர் வந்தது.

பாலவாக்கத்தார் போன். “கார்னிஸ் எந்த நிலைமைல இருக்கு சார்?” ஆரம்பித்தாயிற்று என்றேன். ஆரம்பிக்கவில்லை.

கோணலானாலும் ஒன்றை வாங்கித் திருகிக்கொள்ளலாம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு அண்ணாச்சிக்கு போன். மிஷின் கோயம்புத்தூர் போய்விட்டது. மஸ்கட்காரருக்கு போன். மருமகன் எடுத்துக்கொண்டாராம். பேரைச் சொல்லாமல் கிண்டிக்கு போன் செய்தேன். ஒரு விற்பனையாளர் எடுத்தார். “அது டிஃபெக்ட் பீஸ் சார். முதலாளி தனியா வெக்கச் சொல்லிட்டார். திங்கக்கிழமை சாயங்காலம் லாரில பம்பாய் போவுது.”

பார். நான் கண்டுபிடித்த பிறகு அனுப்புகிறான்.

ஜூலை 18, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் ராஜா அண்ணாமலைபுரம் ஷெட். ஏகாம்பரம் கைரம்பத்தால் முதல் மூலையை அறுத்துக்கொண்டிருந்தார். நாலு இழுப்புக்கு ஒரு தரம் நிறுத்தித் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கு எரிச்சல். மூன்று மிஷினும் கோணலாக அமைந்ததில் உங்களுக்கு உள்ளூர சந்தோஷம்தானே, மிஷின் வந்தால் உங்கள் மவுசு போய்விடும் என்று கேட்டேன்.

ரம்பத்தைக் கீழே வைத்தார்.

“இன்னா சார் பேசற? இந்தத் தோளை வெச்சுக்கினு பதினாலு மூலை அறுக்கணும்னு எனக்கு வேண்டுதலா?”

உள்ளே போய், இழைத்து நேராக்கிய பலகை ஒன்றை எடுத்து வந்தார். என் மூலைமட்டத்தை அதன் விளிம்பில் வைத்துப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். மட்டத்தை அப்படியே மறுபக்கம் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. நேரான மட்டமாக இருந்தால் இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழும். விழவில்லை. அடியில் சேர்ந்து, மேலே போகப் போக விலகி நின்றன.

நான் மறுபடி போட்டேன். மூன்று முறை போட்டேன். இந்தச் சோதனையை ஃபாக்டரியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

“எப்போதிலிருந்து?”

“ரெண்டு வருஷம் இருக்கும் சார். கரண்ட் ஆபீஸ்காரன்கூட சண்டை போட்டியே, அன்னிக்கு மேஜையை ஓங்கித் தட்டுன. அப்ப மட்டம் விழுந்துச்சு. சிமெண்டுத் தரை.”

“இத்தனை நாள் வேலை எப்படி நேராக வந்தது?”

“என்னோட மரமட்டம் கீது இல்ல. நீ தப்புன்னு சொன்னா எடுத்துக்கினு போவேன். ஒரு டீ குடிச்சிட்டு, அதையே இருட்டுப் பக்கமா வெச்சுக் காட்டுவேன். சரியாயிடுச்சுன்னுவ.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா இன்னா சொல்லியிருப்ப? நீதான்டா கீழ போட்டேன்னு இருப்ப.”

இருந்திருப்பேன்.

ஜூலை 19, சனி

தூக்கம் இல்லை. வயிற்றில் வாயு.

கணக்கு நேராகத்தான் இருக்கிறது. வரதனின் மிஷின் நல்ல மிஷின். ஊரில் மிச்சம் இருப்பது அது ஒன்று. திங்கள் மாலைக்குள் நான் வாயைத் திறக்காவிட்டால் லாரி ஏறிவிடும்.

ஏகாம்பரத்தை அனுப்பி வாங்கலாம் என்று யோசனை. கேட்டேன்.

“நான் போய் இன்னான்னு கேக்கறது சார்? கோணல் மிஷின் ஒண்ணு கீதாமே, அதைக் குடுங்கன்னா?”

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

நாளை என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தது:

– “மறுபடி சோதிக்க வந்தேன்.” (பொய்)
– “என் மட்டத்தில் சிறு வித்தியாசம் இருக்கலாம்.” (இருக்கலாம் இல்லை, இருக்கிறது)
– “மிஷினைப் பற்றி நான் சொன்னது தப்பு. மற்றது தப்பில்லை.” (இதுதான் உண்மை. இதைச் சொன்னால் மிஷின் கிடைக்காது)

கமலா எட்டிப் பார்த்தாள். “யாருக்குக் கடிதாசு?” யாருக்கும் இல்லை.

ஜூலை 21, திங்கள்

மூட்டம். மழை இல்லை.

விற்பனையாளர்கள் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து ஒரு மணிக்குப் போனேன். கணக்குப் பிசகவில்லை, வரதன் மட்டும் இருந்தான். மிஷின் வாசல் ஓரம், பெட்டி கட்டி, ‘பழுது’ என்று சிவப்பு மையில் அட்டை.

எழுதிப் பார்த்தது ஒன்றும் வரவில்லை. “மூலைமட்டம் தப்பு. மிஷின் சரி” என்றேன். நின்றுகொண்டே.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “நீங்க போனப்புறம் நானும் வெச்சுப் பார்த்தேன் சார். எனக்கு நேராத்தான் காட்டிச்சு. என் மட்டத்துல ஏதோ கோளாறுன்னு புதுசா ஒண்ணு வாங்கினேன். அதுலயும் நேர்.”

“பிறகு எதற்கு பம்பாய்க்கு?”

“நீங்க கோணல்னு சொன்னீங்களே. பத்தொன்பது வருஷத்துல நீங்க கையெழுத்துப் போட்ட அளவு ஒண்ணு திரும்பி வந்ததில்லை. எனக்குத் தெரியாத இடத்துல கோணல் இருக்கும்னு நெனச்சேன்.”

நாற்காலி விவகாரத்தைக் கேட்க அதுதான் சமயம். கேட்கவில்லை.

விலை பேசவில்லை. பில் போட்டான். டெம்போ ஏற்பாடு செய்கிறேன் என்றான். புறப்பட எழுந்தேன்.

“சார், ஒரு அஞ்சு நிமிஷம். நம்ம ஆளுங்க மூணு பேரும் அன்னிக்கு நீங்க சொன்னதைக் கேட்டாங்க. அதுலேருந்து நான் எதைக் காட்டி நேர்னு சொன்னாலும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கறாங்க.”

அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டு லெட்ஜரைத் திறந்துகொண்டான்.

மறுபடி உட்கார்ந்தேன். மோர் வந்தது. குடித்தேன். எதிர்ச் சுவர்க் காலண்டரில் இன்னும் ஜூன். ஐந்து நிமிடம் நாற்பது நிமிடம் ஆயிற்று. இரண்டு மணிக்குப் பற்களைக் குத்திக்கொண்டு மூன்று பேரும் வந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவன் மற்றவனை இடித்தான்.

எழுந்து நின்று சொன்னேன். மிஷினைப் பற்றியும் சொன்னேன். கை வந்த வேலை என்று சொன்னதும் தப்பு என்று சொன்னேன். அது ஏன் வாயில் வந்தது என்று தெரியவில்லை, அதைச் சொல்லும் உத்தேசத்தோடு நான் போகவில்லை.

மூவரில் மூத்தவர் கேட்டார்: “அப்ப மிஷின் நல்லா கீதா சார்?”

“நேராக இருக்கிறது.”

அவர் போய் அட்டையைக் கிழித்தார். வரதன் லெட்ஜரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

டெம்போவில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். இதில் அவனுக்கு என்ன லாபம் என்று சைதாப்பேட்டை வரைக்கும் யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அதற்கப்புறம் பெட்டி ஆடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன்.