தெற்குத் தெருவில் நடப்படாத பதினோரு கம்பங்கள்

அனுப்புநர்:
சா. குந்தவை (வயது 24),
த/பெ. (மறைந்த) சாமிக்கண்ணு,
எண் 4, தெற்குத் தெரு,
காரைவாய்க்கால் ஊராட்சி,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
கோட்டப் பொறியாளர் அவர்கள்,
ஊரகக் கண்ணாடி இழை இணைப்புத் திட்டம்,
வெண்ணாற்றுக் கோட்டம்,
தஞ்சாவூர்.

பொருள்: தெற்குத் தெருவில் இணையக் கேபிள் வெட்டப்பட்டது – தங்கள் அறிவிப்புக்கு விளக்கம் அளித்தல் – கம்பம் நட்டு 02.02.2025 காலைக்குள் இணைப்பைத் திரும்பத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1) எனது மனு, நாள் 07.10.2024 (பதில் இல்லை). 2) தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தங்கள் அலுவலகம் தந்த பதில், நாள் 29.11.2024. 3) எனது இரண்டாம் மனு, நாள் 09.12.2024 (பதில் இல்லை). 4) தங்கள் அலுவலக அறிவிப்பு, நாள் 22.01.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

தெற்குத் தெருவில் தங்கள் ஒப்பந்ததாரர் பதினோரு கம்பங்களை நடவில்லை. நட்டுவிட்டதாகத் தங்கள் பதிவேட்டில் எழுதியிருக்கிறது. என் தாயாரின் பாடை போக வழியில்லாமல் கேபிளை வெட்ட நேர்ந்தது இதனால்தான்.

1. பார்வை 4-இல் கண்ட அறிவிப்பில், அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியவர் திரு. இளையபெருமாள் என்று குறிப்பிட்டு, ஏழு நாட்களுக்குள் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். விளக்கம் வரும்வரை இணைப்பு தரப்படாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இளையபெருமாள் என் சித்தப்பா. அரிவாள் அவர் கையில் இருந்தது உண்மை. 19.01.2025 ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு அவரை வெட்டச் சொன்னது நான். அறிவிப்பில் அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை எழுதிக்கொள்ளவும்.

2. கம்பங்கள் பற்றி. ஊராட்சி அலுவலகத்திலிருந்து மேலத்தெரு முழுவதும் இருபதடிக் கம்பங்களில் கேபிள் போகிறது. தெற்குத் தெரு ஆதிதிராவிடர் குடியிருப்பு. இங்கே திரும்பும் இடத்தில் கம்பம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கேபிள் ஒரு தென்னை மரத்தில் கட்டப்பட்டு, தெருவைக் குறுக்கே தாண்டி, ஊராட்சி மோட்டார் கொட்டகையின் மூலையில் கட்டப்பட்டு, அங்கிருந்து கூரைகளைத் தொட்டுக்கொண்டு வீடுகளுக்கு வருகிறது. தெருமுனையில் அதன் உயரம் ஒன்பதடி. நானே அளந்தேன்.

பார்வை 2-இல் கண்ட தங்கள் பதிலின்படி கம்ப எண் 14 முதல் 24 வரை எங்கள் தெருவில் நிற்கின்றன. எண் கம்பத்திலேயே வெள்ளைப் பெயின்டில் எழுதியிருப்பதால் தேடுவது கடினமாக இல்லை. 14, 15 இரண்டும் வாய்க்காலின் குறுக்கே ஒருவருடைய வயலுக்குப் போகும் பாலமாகக் கிடக்கின்றன. 17, 18 மேலத்தெருக் களத்தில் நெல்லுக்குத் தார்ப்பாய் கட்ட நிற்கின்றன. 21-இல் மாடு கட்டியிருக்கிறார்கள். மற்றவை கிடைக்கவில்லை. ஐந்தின் புகைப்படங்களும் பார்வை 3 மனுவுடன் தரப்பட்டுள்ளன. மாடும் படத்தில் இருக்கிறது.

3. குறுவை அறுவடையின்போது, அறுவடை இயந்திரம் தெருவுக்குள் திரும்பியதில் கேபிள் அறுந்தது. அதற்குத்தான் முதல் மனு. ஒன்பது நாள் கழித்து வந்த லைன்மேன், இனித் தொங்காது என்று சொல்லி, கேபிளை இழுத்துக் கட்டுக்கம்பியால் தென்னையில் இறுக்கிவிட்டுப் போனார். அதற்கு முன்பு வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வந்தால் இரண்டு பேர் கவைக்கோலால் கேபிளைத் தூக்கிப் பிடிப்பார்கள், வண்டி அடியில் போகும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் பழகிய வேலை அது. இறுக்கிக் கட்டிய பிறகு கேபிள் ஒரு சாண்கூட மேலே எழவில்லை. கம்பம் எங்கே என்று லைன்மேனிடம் கேட்டேன். "உங்களுக்கு நெட்டு வந்தா பத்தாதா தங்கச்சி? கம்பத்த வெச்சு என்ன பண்ணப் போறீங்க, கொடியா ஏத்தப் போறீங்க?" என்றார்.

4. அதே மாதம் தங்கள் உதவிப் பொறியாளர் எழுதி, பார்வை 2-உடன் எனக்கு வந்த கள ஆய்வுக் குறிப்பில், "கோளாறு பயனாளியின் வீட்டு அமைப்பில் உள்ளது, பயன்பாடு விளையாட்டு மற்றும் பொழுதுபோக்கு, முன்னுரிமை தேவையில்லை" என்று இருக்கிறது. அவர் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. வந்திருந்தால் பார்த்திருக்கக்கூடியவற்றை எழுதுகிறேன்.

முதலில் ரவுட்டர் பீரோவுக்குள் இருந்தது. தூசி படும் என்று அம்மா பாலிதீன் உறையில் சுற்றி உள்ளே வைத்திருந்தார். ஆயுத பூசையன்று வெளியே எடுத்து, காற்றுப் போகும் துளைகளின் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தார். இணைப்பு திரும்பிய பிறகு ஒரு வாரம் படம் திணறித் திணறி வந்ததற்கு அது காரணம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதன் பிறகு ரவுட்டரைச் சுத்தம் செய்து, வீட்டின் நடுச்சுவரில் ஆள் உயரத்தில் ஆணியடித்து மாட்டினேன். இரும்புப் பீரோவையும் குளிர்ப்பெட்டியையும் தள்ளி வைத்தேன். பக்கத்து வீடுகளின் வைஃபையோடு மோதாத சேனலுக்கு மாற்றினேன். விளையாடும் கணினிக்கு வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிள் இழுத்தேன். ஒரே நேரத்தில் யாராவது படம் பார்த்தாலும் விளையாட்டு தடைப்படாதபடி முன்னுரிமை அமைத்தேன். மின்சாரம் போனால் மூன்று மணி நேரம் தாங்கும் சிறிய பேட்டரியும் ரவுட்டருக்கு இருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு இருபது நாட்கள் காலையும் மாலையும் வேகம் அளந்து எழுதிய தாள் இணைப்பு 1. வீட்டுக்குள் கோளாறு இல்லை.

இதையெல்லாம் வீடியோ அழைப்பில் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் அண்ணன் வளவன். ஓமனில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். தினமும் மாலை ஏழு மணிக்கு அவர் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஒரே அணியில் விளையாடுவோம். விளையாடிக்கொண்டே பேசுவோம். சும்மா பேச உட்கார்ந்தால் எங்களுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச்சு வராது. அம்மா எனக்குப் பின்னால் உட்கார்ந்து திரையைப் பார்ப்பார்.

"இதுல எவன்டா நீ?" என்று கேட்பார்.

"பச்சைத் தொப்பிம்மா."

"என்னடா இப்படி எளச்சுப் போயி ஓடுற? அங்க சோறு போடுறானுங்களா இல்லையா?"

தங்கள் குறிப்பில் உள்ள "விளையாட்டு மற்றும் பொழுதுபோக்கு" என்பது இதுதான்.

5. என் தாயார் வள்ளியம்மை 18.01.2025 சனிக்கிழமை காலை வயலிலிருந்து திரும்பி வந்து, மார்பு வலிக்கிறது என்றார். ஆட்டோ வருவதற்குள் இறந்துவிட்டார். வயது 51.

அண்ணன் புதிய ஒப்பந்தத்தில் சேர்ந்து நாற்பது நாட்களே ஆகியிருந்தன. விடுப்பு கிடைக்கவில்லை. இரண்டு விஷயம் கேட்டார். முதலாவது, பாடையைத் தேர் மாதிரி உயரமாகக் கட்ட வேண்டும். "நாலு மூங்கில்ல தூக்கிட்டுப் போயிடாதீங்க. அம்மாவுக்கு நல்லா ஒசரமா கட்டுங்க. நான் இருந்தா அப்படித்தான் கட்டுவேன்" என்றார். இரண்டாவது, கடைசியாக முகம் திறந்து காட்டுவதை அவர் பார்க்க வேண்டும்.

எங்கள் தெருவில் பெண்கள் மதகு வரைதான் போவோம். தெருமுனையைத் தாண்டி மதகு அருகே பாடையை இறக்கி, முகத்தைத் திறந்து காட்டிவிட்டு, ஆண்கள் சுடுகாட்டுக்குக் கொண்டு போவார்கள். அங்கே கைபேசிக்கு ஒரு கோடு சிக்னல்தான் வரும். பேசலாம், படம் போகாது. ஆகவே வீட்டிலிருந்து நாற்பது மீட்டர் லேன் கேபிள் இழுத்து, பழைய ரவுட்டரை மோட்டார் கொட்டகையின் சன்னலில் வைத்தேன். அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் மதகு அருகே நின்று, அண்ணனுக்குப் படம் போகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தேன். தெளிவாகப் போனது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது தெரிகிறது என்று சொன்னார்.

6. பாடை கேபிளின் அடியில் நுழையவில்லை. நால்வர் தோளில் அதன் உச்சி பதினோரு அடிக்கு மேல் இருந்தது. கவைக்கோல் கொண்டுவந்து தூக்கினார்கள். கேபிள் எழவில்லை.

கொஞ்சம் தாழ்த்திப் பிடித்திருக்கலாமே என்று தங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். தூக்கிய பாடையை இறக்கும் இடத்துக்கு முன்னால் தாழ்த்தவோ சாய்க்கவோ கூடாது. எங்கள் வழக்கம் அது. வேறு வழியாகப் போயிருக்கலாமே என்றும் கேட்டார்கள். மேலத்தெரு வழியாகப் போனால் இருபதடி உயரம் இருக்கிறது, தார்ச்சாலை, சுடுகாடும் கிட்டத்தில். எங்கள் தெருப் பாடைகளை அந்த வழியில் விடுவதில்லை. யார் விடுவதில்லை, ஏன் விடுவதில்லை என்பதைக் கேட்டவர் மேலத்தெருக்காரர் என்பதால் அவரிடமே விசாரித்துக்கொள்ளவும்.

பத்து நிமிடம் பாடை தோளிலேயே நின்றது. தூக்கியவர்களில் ஒருவருக்கு அறுபது வயது. கோலால் தூக்கிப் பழகிய கேபிள்தான், ஆனால் இரும்பால் வெட்டினால் மின்சாரம் தாக்குமோ என்று எல்லோருக்கும் பயம். தெருவில் வயர் சம்பந்தமாக எதுவானாலும் என்னைத்தான் கேட்பார்கள். சித்தப்பா கேட்டார்:

"குந்தவ, இந்த வயருக்குள்ள என்ன போகுதுன்னு சொல்லும்மா. கரண்டா?"

"கரண்டு இல்ல சித்தப்பா. நெட்டு."

"வெட்டலாமா?"

"வெட்டுங்க."

கைபேசி என் கையில்தான் இருந்தது. அண்ணன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏய், இரு இரு" என்று அவர் சொன்னதும் எனக்குக் கேட்டது. பாடை உயரமாக வேண்டும் என்று கேட்டவர் அவர். கேபிளை வெட்டச் சொன்னது நான். இந்த இரண்டையும் நாங்கள் மறுக்கவில்லை.

7. அதன் பிறகு பாடை போனது. இறக்கினார்கள். அழுகைச் சத்தம் கேட்டது. நான் மோட்டார் கொட்டகை சன்னலருகே குனிந்து ரவுட்டரை அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கேபிள் அறுந்தால் ரவுட்டரை அணைத்துப் போடுவதில் பயனில்லை என்பது எனக்குத் தெரியும். பிறகு கைபேசி சிக்னலில் முயன்றேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நிமிர்ந்தபோது முகத்தை மூடிவிட்டிருந்தார்கள். என் தாயாரின் முகத்தைக் கடைசியாக அண்ணனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இதை அண்ணனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நான் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எப்படி இருந்தார் என்று இரண்டு முறை கேட்டார். தூங்குவது போல என்று சொன்னேன்.

அன்றிலிருந்து வீட்டில் கேபிள் வந்து சேரும் வெள்ளைப் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. கேபிளில் ஒளி வரவில்லை என்று அதற்குப் பொருள். தெருவில் முப்பத்தியொரு வீடுகளுக்கும் இதே நிலை. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இந்த மனுவை மூன்று முறை திருத்தி எழுதினேன், ஒரு தடவையும் அழவில்லை. விளக்கத்தில் கோபமாகத் தெரியும் இடம் ஏதும் இருந்தால் அது நடந்ததை எழுதியதால் வந்தது.

8. 02.02.2025 ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள் காரியம். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும். மகன் செய்ய வேண்டியதை அண்ணன் சொல்லச் சொல்ல அவருக்குப் பதிலாக நான் செய்வதாக வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். பெண் செய்வதா என்று சிலர் பேசிப் பார்த்தார்கள். சித்தப்பா, "அவன் அங்கேருந்து செய்றான், கை மட்டும் இவளுது" என்று சொல்லி முடித்துவிட்டார். அதற்கு அண்ணன் எங்களைப் பார்க்க வேண்டும், நாங்கள் அவரைப் பார்க்க வேண்டும். அவர் அந்த நாளைக்கு மட்டும் வேலை நேரத்தை மாற்றி வாங்கியிருக்கிறார். தேதியை மாற்ற முடியாது.

ஆகவே கோருவது:

தெற்குத் தெருவில் கம்பம் நட்டு, கேபிளை இருபதடி உயரத்தில் இழுத்து, 02.02.2025 காலை ஒன்பது மணிக்கு முன் இணைப்பு தர வேண்டும். புதிய கம்பம் கையிருப்பில் இல்லை என்று சொல்லத் தேவையில்லை. ஐந்து கம்பங்கள் கிடக்கும் இடத்தை மேலே எழுதியிருக்கிறேன். மாட்டை அவிழ்த்து வேறிடத்தில் கட்ட எங்கள் தெருவிலிருந்தே ஆள் வருவார்கள்.

திரு. இளையபெருமாள் பெயரில் உள்ள அறிவிப்பை ரத்து செய்ய வேண்டும். அபராதம், வழக்கு எதுவானாலும் என் பெயரில் நடத்தலாம்.

குறித்த நேரத்துக்குள் இணைப்பு தர இயலாது என்றால், இந்த முறையும் எனக்குப் பதில் எழுத வேண்டாம். என் அண்ணன் வளவனைத் தாங்களே தொலைபேசியில் அழைத்து, முடியாது என்பதையும் அதற்கான காரணத்தையும் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். அவருடைய எண் இணைப்பு 2-இல் இருக்கிறது. நம் நேரப்படி மாலை ஏழு மணிக்கு மேல் அவர் அறையில் இருப்பார். இப்போது அந்த நேரத்தில் அவருக்கு வேறு வேலை இல்லை. முதல் மணியிலேயே எடுப்பார். எந்த நாளில் அழைப்பீர்கள்?

இடம்: காரைவாய்க்கால்
நாள்: 27.01.2025

இங்ஙனம்,
(ஒப்பம்)
சா. குந்தவை

இணைப்புகள்:
1. வீட்டு இணைய வேகம் அளந்த தாள், இருபது நாட்கள்.
2. திரு. சா. வளவனின் ஓமன் தொலைபேசி எண்.