ஒரே ஒரு பல் டாக்டர்

அக்காவுக்கு,

போன் பண்ணினா நீ எடுக்க மாட்ட. அதனாலதான் எழுதுறேன்.

உங்க ராஜபாளையம் சேவைச் சங்கத்துத் தலைவி யுவராணி நேத்து என் கிளினிக்குக்கு வந்து, என்னை உறுப்பினராச் சேரச் சொன்னாங்க. உங்க சங்கத்துல தொழிலுக்கு ஒரு ஆள்தானே, பல் டாக்டர்னு எங்க அக்கா இருக்கும்போது நான் எதுக்குன்னு கேட்டேன். நீ விலகிட்டியாம். என் பேரைச் சொன்னதும் நீதானாம். சங்கத்துப் பேட்ஜை என் மேஜையில வச்சிட்டுப் போயிருக்காங்க. நான் தொடல.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல நான் தனியா கிளினிக் திறந்தப்போ திறப்பு ஜெபத்துக்குக்கூட வராதவ நீ. இப்ப உன் இடத்தையே எனக்குத் தூக்கிக் குடுக்கிறியே, என்ன கணக்குப் போடுற?

கொஞ்ச நாளா உன் பேஷண்டுகளும் இங்க வாராங்க. எல்லாம் நீ பாதியில விட்ட ரூட் கேனல். என் பேரைக் கெடுக்கத்தான் சிக்கலான கேஸாப் பார்த்துத் தள்ளிவிடுறியோன்னு நினைச்சேன். பல்லைப் பார்த்தா சிக்கல் ஒண்ணுமில்ல. நீ கண்ணை மூடிக்கிட்டுச் செய்யிற வேலை.

பொறவுதான் யுவராணி பேச்சோட பேச்சாச் சொன்னது உறுத்துச்சு. கடைசிக் கூட்டத்துல குடுத்த காபியை நீ தொடவே இல்லையாம். காபி வேண்டாம்னு நீ சொல்லி நான் பார்த்ததில்ல.

அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சப்போ, நாலு பேர் முன்னாடி டம்ளரை எடுக்கிறதைத்தான் அவங்க முதல்ல நிறுத்தினாங்க.

யுவராணிகிட்ட நான் இன்னும் பதில் சொல்லல. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வாரேன். காபி போட்டு வை. நீயே கொண்டுவந்து என் கையில குடு.

உன் தங்கச்சி