துரை மச்சான் இலையைப் பவுனு தின்ற நாள்

அன்புள்ள துரை மச்சானுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. எலப்புள்ளியில் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. உன் குதிரை பவுனு நொண்டுகிறாள். நொண்ட வைத்தவன் நான்.

உனக்குச் சிரிப்பு வரும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பத்தாவதில் ஒன்றாகக் கோட்டை விட்டவர்கள் நாம். அப்புறம் உன் தங்கையைக் கட்டிக்கொண்டேன். "இவனுக்கு மாடு எது குதிரை எதுன்னே தெரியாது. என்ற தங்கச்சிய வேற குடுத்துப்போட்டேன்" என்று ரேக்ளாப் பந்தயத்தில் என்னைக் காட்டிச் சொல்லுவாய். மாரடைப்பில் நீ போனதும், உனக்குப் பிள்ளை இல்லாததால் உன் குதிரை அந்த ஆளின் கொட்டகைக்கே வந்து சேர்ந்தது.

உன் கருமாதி அன்று காக்கைக்குச் சோறு வைத்தோம். உன் படையல் இலையை வழக்கம்போல மாட்டுக்கு எடுத்துப் போகும்போது உன் சித்தப்பா எழுந்தார். "அவனுக்குப் பவுனுதான் புள்ளை. இலையை அவளுக்கு வையுங்கப்பா" என்றார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பச்சரிசிச் சோறு, வெல்லப் பொங்கல், பழம் எல்லாம் நிமிஷத்தில் காலி. அதோடு விட்டோமா? வந்த உறவெல்லாம் ஆளுக்கு இரண்டு கை அரிசியும் வெல்லமும் ஊட்டியது. நான் மட்டும் குறைந்தவனா? கம்பையும் அரிசியையும் ஊறப்போட்டு ஒரு அன்னக்கூடை நிறையக் கொண்டுபோய் வைத்தேன்.

என் மகள் நந்தினி கையைப் பிடித்தாள். "போதுங்ப்பா. மாமன் ஒரு நாளும் இத்தனை போட்டதில்லீங்ப்பா."

"ஏஞ்சாமி, உன்ற மாமன் பசியோட போகோணுமா?" என்றேன். அந்த வசனத்துக்கு நாலு பேர் அழுதார்கள். எனக்கே பெருமையாக இருந்தது, மச்சான்.

மறுநாள் சாயங்காலம் பவுனு முன்னங்கால் இரண்டையும் நீட்டி வைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றாள். கூப்பிட்டால் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. உன் தங்கை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "பாருங்க, என்ற அண்ணனை நெனச்சு நிக்குது!"

ஊரே பார்க்க வந்தது. படம் பிடித்தது. துக்கம் தீரட்டும் என்று இன்னும் வெல்லம் கொடுத்தது. நானும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் குனிந்து குளம்பைத் தொட்டுப் பார்த்தவள் நந்தினிதான். "அப்பா, சுடுதுங்ப்பா. துக்கம் வந்தா குளம்பு சுடுமாங்ப்பா?"

மிருக டாக்டர் வந்தார். பாலக்காட்டுக்காரர், மலையாளம் கலந்த தமிழ். "சண்முகா, இது துக்கம் அல்ல, வேதனை. எந்தா கொடுத்தே?"

சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

இதற்கு லாமினைட்டிஸ் என்று பெயராம். நமக்கு எங்கே வாயில் நுழைகிறது? ஒரேயடியாகத் தின்ற அரிசியும் வெல்லமும் குடலில் போய்ப் புளிக்கிறதாம். அந்த விஷம் ரத்தத்தில் ஏறி, குளம்பையும் உள்ளே இருக்கும் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய சவ்வை வீங்க வைக்கிறதாம். பிடி விட்டால் எலும்பு கீழே சாய்ந்துவிடும். குதிரை தன் நகத்தின் மேல் தானே நிற்க முடியாமல் தவிக்கும். முதல் நாளே கால்களைப் பனிக்கட்டியில் நிறுத்தியிருந்தால் பாதி தப்பித்திருக்குமாம். அந்த முதல் நாள்தான் நான் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத நாள்.

டாக்டர் அதோடு நிறுத்தவில்லை. குளம்பைச் சுற்றி ஓடிய வரிவரியான வளையங்களைக் காட்டினார். "இது புதிய வரவு அல்ல. முன்னாடியும் லேசா வந்து போயிருக்கு." கழுத்தில் திரண்டிருந்த கொழுப்பு, தார் ரோட்டில் விடாமல் ஓட்டியது, பந்தயம் முடிந்ததும் வேலையில்லாமல் கட்டிப்போட்டுத் தீனி வைத்தது, இதெல்லாமே காரணமாகலாமாம். அந்தக் கழுத்தைத்தானே, "என்ற பொண்ணு கழுத்தப் பாரு" என்று நீ தட்டிக் காட்டுவாய்? பந்தயத்துக்கு முன்னால் குளம்பை அரம் போட்டுத் தேய்த்துக் கறுப்பு எண்ணெய் பூசுவாயே, அது பளபளப்புக்குத்தான், வளையத்தை மறைக்க அல்ல என்று இந்த மண்டு நினைத்திருந்தேன்.

போன வாரம் உன் பந்தயக் கூட்டாளிகள் வந்தார்கள். உன் பெயரில் நினைவுப் பந்தயம் வைக்கிறார்களாம். பந்தயம் தொடங்குமுன் பவுனு ஒரு சுற்று வரவேண்டுமாம்.

"அவளால நடக்கவே முடியாது கண்ணு" என்றேன்.

"வலிக்கு ஒரு ஊசி போட்டாத் தெரியாதுங்க மாமா. துரையண்ணன் போடறதுதானுங்க."

சொன்ன பையன் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். பல் தேய்க்கும் குச்சிகூட எடுத்து யாரையும் அடித்தறியாத நான், அன்றைக்குச் சாட்டையை எடுத்தேன். உன் சாட்டைதான்.

மச்சான், உனக்குத் தெரியுமா? தெரிந்தேதான் ஓட்டினாயா? நான் தெரியாமல் அவள் காலைக் கெடுத்தேன் என்று தினமும் செத்துக்கொண்டிருந்தேனே. நீ தெரிந்து என்ன செய்துகொண்டிருந்தாய்? உன்னைத் திட்ட வாய் வருகிறது. அன்னக்கூடை ஞாபகம் வந்து மூடிக்கொள்கிறது.

இப்போது கொட்டகையில் ஆற்று மணல் ஒரு முழம் கொட்டியிருக்கிறேன். ஊறவைத்த காய்ந்த புல்தான் தீனி. மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லும் ஆகாதாம். நந்தினி அளந்து வைக்கிறாள், என்னை நம்புவதில்லை. பவுனு இனி ஓடமாட்டாள். மணலில் பத்தடி நடக்கிறாள். நேற்று பன்னிரண்டு.

உன் முதல் வருஷத் திதி வரும். இலையில் நீ கேட்டதெல்லாம் இருக்கும், வெல்லப் பொங்கலும் உண்டு. காக்கை தின்னட்டும், மாடு தின்னட்டும். கொட்டகை வாசலில் நான் நிற்பேன். சித்தப்பா வந்தாலும் விடமாட்டேன். நீயே கை நிறைய வெல்லத்தோடு வந்தாலும் விடமாட்டேன், மச்சான். இது சத்தியம்.

உன்னை மன்னிக்காத,
உன் தங்கை புருஷன்
சண்முகம்