இடப்பக்கத்துப் பட்டை

ஜூலை 19, வெள்ளி

ஃபியட்டை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளினேன். பின்னால் இடப்பக்கத்து ஸ்பிரிங் பட்டை முறிந்து, காரே ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. பட்டையைக் கழற்ற வேண்டுமானால் அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஷேக்கிள் பின் வெளியே வர வேண்டும். துருவேறி இறுகிக் கிடக்கிறது. போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஆந்திரா, ஒடிசா என்று அலைந்து பாறையைத் துளைத்தவன் நான். விரல் தடிமன் பின் ஒன்று என்னை என்ன செய்துவிடும்?

உண்மையில் இது காருக்காக இல்லை. பிரியா புருசன் வீட்டிலிருந்து வந்து உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது. வருகிறவர்கள் எல்லாம் காபியை உறிஞ்சிக்கொண்டே, "ஏனுங்க, பாப்பா ஆடிக்கு வந்திருக்குதுங்களா?" என்கிறார்கள். என் வீட்டுக்காரி உண்ணாமலை "ஆமாங்க" என்கிறாள். கல்யாணமாகி மூன்று வருசமான பெண்ணுக்கு என்ன ஆடி? கேட்கிறவர்களுக்கும் தெரியும், சொல்கிறவளுக்கும் தெரியும். காருக்கு அடியில் படுத்திருப்பவனிடம் யாரும் துக்கம் விசாரிப்பதில்லை.

ஜூலை 21, ஞாயிறு

டீசல் ஊற்றி ஊற வைத்தேன். சம்மட்டியால் அடித்தேன். நகரவில்லை. என் முட்டியில் தோல் போனதுதான் மிச்சம்.

ஜூலை 23, செவ்வாய்

"என்ன சாமி ஆச்சு?" என்றால், "ஒண்ணுமில்லீங்கப்பா" என்கிறாள் பிரியா.

பங்காளி ஆனந்தகுமார் வந்தான். ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் தன் தலையில்தான் சுற்றுகிறது என்று நினைப்பு. "சின்னஞ்சிறுசுக, அப்பிடி இப்பிடித்தான் இருக்கும். ஆவணி பொறந்ததும் பேசி அனுப்பீரலாம்" என்கிறான். தொப்பை மேல் சட்டைப் பட்டனைப் பூட்டத் தெரியாதவன், என் பெண்ணின் குடித்தனத்தைச் சேர்த்து வைக்க வந்துவிட்டான்.

ஜூலை 25, வியாழன்

சம்பந்தி குழந்தைவேலு வந்திருக்கிறார். பரமத்தி வேலூரிலிருந்து பஸ்ஸில், ஒரு தார் பூவன் பழத்தோடு. ரிட்டையர்டு டிராயிங் மாஸ்டர். பேச்சுக்குப் பேச்சு "ஆமாங்க". சோபாவில் உட்கார்ந்து எழுந்தால் உட்கார்ந்த தடம்கூட விழாது, அப்படியொரு ஆள். பெண்டாட்டியைக் கூப்பிட்டுப் போக வர மாப்பிள்ளை இளவழகனுக்கு நேரமில்லை. அப்பனை அனுப்பியிருக்கிறான்.

பிரியாவைப் பார்த்து, "நல்லா இருக்கறயா சாமி?" என்றார். "இருக்கறனுங்க மாமா" என்றாள். அவ்வளவுதான். வந்த வேலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்து, "நானும் கொஞ்சம் புடிக்கட்டுங்களா?" என்கிறார். பென்சில் பிடித்த கை!

கிளம்புவார் என்று பார்த்தால் உண்ணாமலை தங்கச் சொல்லிவிட்டாள்.

ஜூலை 26, வெள்ளி

பின்னின் தலையில் பஞ்ச் கம்பியை வைத்துப் பிடிக்கச் சொன்னால், வெற்றிலைக் கொடியைத் தொடுகிற மாதிரி தொடுகிறார். கேஸில் சூடு காட்டினேன். உள்ளே இருந்த ரப்பர் புஷ் பற்றிக்கொண்டு, நாற்றம் சமையல்கட்டு வரைக்கும். இருமிக்கொண்டே, "படம் வரையறதுலயும் இப்பிடித்தாங்க, அவசரப்பட்டா..." என்று ஆரம்பித்தார்.

"இது படம் இல்லீங்க" என்றேன். அப்புறம் பேசவில்லை. நிம்மதி.

ஜூலை 27, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

சக்கரத்தைக் கழற்றி, கட்டை கொடுத்து நிறுத்தியிருந்தோம். அவர் அடியில் படுத்துப் பஞ்ச் கம்பியைப் பிடித்திருந்தார். நான் வெளியே குந்தியிருந்தேன். அவர் முகம் தெரியவில்லை. சம்மட்டியை ஓங்கினபோது சொன்னார்.

"அனுப்பாதீங்க."

"எதைங்க?"

"பாப்பாவை. எங்க ஊட்டுக்கு அனுப்பாதீங்க."

ஓங்கின கை அப்படியே நின்றது.

"அவன் கை நீட்டறானுங்க. நானே கண்ணால பாத்தேன். ஒருக்கா கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு, வெத்தலைக் கொடிக்காலுக்குப் போயிட்டனுங்க. தண்ணி பாய்ச்சப் போயிட்டேன். இப்பக்கூட கூட்டீட்டு வான்னுதான் அனுப்புனாங்க. என்னால முடியலீங்க."

என் பிள்ளைய. நான் ஒரு நாள்கூட அதட்டிப் பேசாத பிள்ளைய — அந்த நாயை மாப்ள மாப்ளன்னு தலை மேல தூக்கி வெச்சு ஆடுனனே! கறிக்கொழம்புல நல்ல துண்டா பாத்து அவன் எலையில — தூ! இந்தாளும் ஒரு மனுசனா? பாத்துட்டுத் தண்ணி பாய்ச்சப் போனானாம்!

அடித்தேன். எங்கே அடிக்கிறேன் என்று தெரியாமல் அடித்தேன். குறி தப்பியிருந்தால் அவர் விரல் போயிருக்கும். அவர் கையை எடுக்கவில்லை. எடுக்கவே இல்லை.

கை ஓய்ந்து பார்த்தபோது பின் பாதி வெளியே வந்திருந்தது. ரெண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் இழுக்கவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

முதல் பஸ்ஸிலேயே அவர் போய்விட்டார். பிரியாவிடம், "நீ அங்க போக வேண்டாஞ் சாமி" என்றேன். "மாமா சொன்னாருங்களா?" என்றாள். தலையாட்டினேன். அப்போதுதான் அழுதாள்.

"ஊரு என்னங்க சொல்லும்?" என்றாள் உண்ணாமலை.

"காபி குடிச்சுட்டுச் சொல்லும்."

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எங்கள் வீட்டில் பஞ்சாயத்துக் கூட்டம் கூடியது. பன்னீர் தெளிக்காத குறையாக ஆனந்தகுமார் நடுவில் உட்கார்ந்திருந்தான். இளவழகன் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். கேட்டதற்கு, "அவ பொய் சொல்றாளுங்க மாமா" என்றான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

சம்பந்தி எழுந்தார். "நான் பாத்தன்டா" என்றார். உட்காராமல் இன்னொரு தரம் சொன்னார்.

"பெரியவருக்கு வயசாயிருச்சு, ஏதோ..." என்று இழுத்தான் ஆனந்தகுமார். "டீயைக் குடிச்சுட்டுக் கெளம்புடா" என்றேன்.

மகன் அப்பனை ஏற்றாமலே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான்தான் பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

வக்கீலைப் பார்த்தாயிற்று. புதுப் பட்டையும் மாட்டியாயிற்று.

அக்டோபர் 6, ஞாயிறு

சம்பந்தி வந்தார். இனிமேல் அப்படி எழுதலாமா தெரியவில்லை. வேறு என்ன எழுதுவது? வீட்டில் அவரிடம் யாரும் பேசுவதில்லையாம். சோறு மட்டும் மூடி வைத்திருக்குமாம். அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார். பிரியா இலை போட்டு, பக்கத்தில் நின்று பரிமாறினாள்.

சாப்பிட்டுக் கை கழுவி, "அப்ப நான் வாரனுங்க" என்றார்.

"வலப்பக்கத்துப் பட்டையையும் கழட்டோணுங்க. அதுவும் போச்சு" என்றேன்.

குனிந்து பார்த்தார். "நல்லாத்தானுங்களே இருக்குது?"

"உங்களுக்கு என்னங்க தெரியும்? படுங்க."

படுத்தார்.