இளவரசியின் காலும் என் மண்ணீரலும்

அக்டோபர் 14, 2024 – திங்கள்

டெங்கு விட்டு இன்றுதான் கடைக்குப் போனேன். தீபாவளிக் கூட்டம், திண்டிவனத்தில் பாதிப் பேர் எங்கள் புடவைப் பிரிவில்தான் நிற்கிறார்கள். எப்படி இருக்கிறாய் சித்ரா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நாளைக்குச் சீக்கிரம் வர முடியுமா என்று மட்டும் முதலாளி கேட்டார்.

அக்டோபர் 16 – புதன்

இடது தோளில் வலி. விலா ஓரமும் இழுக்கிறது. புடவை மடிக்கும்போது பிடித்துக்கொண்டதா? ரசம் வைக்கக்கூட எழுந்திருக்கவில்லை. பிஸ்கட்.

அக்டோபர் 17 – வியாழன்

பக்கத்துப் போர்ஷன் இளவரசி பார்த்துவிட்டுச் சுளுக்குதான் என்றாள். அவள் கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவினால் சுளுக்கு விடும் என்று தெருவே அவளிடம் வரும். என்னைக் குப்புறப் படுக்கவைத்துப் பாதத்தால் தோளை மெதுவாகத் தள்ளினாள். வலி குறையவில்லை. இன்னொரு ஆள் என்னைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

அக்டோபர் 20 – ஞாயிறு, விழுப்புரம்

எழுத முடிகிறது. வெள்ளிக்கிழமை கடையிலேயே கண் இருட்டிச் சரிந்துவிட்டேன். திண்டிவனத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம். ஆம்புலன்ஸில் விழுப்புரம்.

விழுந்தீர்களா, யாராவது அடித்தார்களா என்று நர்ஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். "அடிக்கக்கூட வீட்ல ஆள் இல்லீங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இளவரசி கால் வைத்ததையும் சொன்னேன். கூட வந்திருந்த கடை சூப்பர்வைசர் விருத்தாசலம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். தம்பி புகழேந்தி ஓசூரிலிருந்து போனில் பார்த்துக்கொள்ளச் சொன்னானாம்.

தொடை ரத்தக்குழாய் வழியாக நூல் மாதிரி ஒரு குழாயை ஏற்றி, மண்ணீரலுக்குப் போகும் தமனியைச் சுருள் கம்பி வைத்து அடைத்தார்கள். வயிற்றில் கத்தி படவில்லை. நினைவோடுதான் இருந்தேன். முடிந்ததும், வெளியே யாரிடம் சொல்லட்டும் என்று கேட்டார்கள். கடை சூப்பர்வைசர் பெயரைச் சொன்னேன்.

மறுபடி கசிந்தால் வயிற்றைத் திறக்க வேண்டுமாம். பயமாக இருக்கு.

அக்டோபர் 22 – செவ்வாய்

கசியவில்லை. இளவரசியின் காலைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். "டெங்குல மண்ணீரல் வீங்கித் தானா கிழிஞ்சதும்மா. உள்ள ரத்தம் கசிஞ்சதாலதான் தோளே வலிச்சிருக்கு. அந்தம்மா கால் வைக்கறதுக்கு முன்னாடியே."

பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு கும்பலே பார்க்க வந்தது. மீந்த இட்லியை எனக்குக் கொடுத்தார்கள். சாப்பிடும்போது அழுகை வந்துவிட்டது, சனியன்.

அக்டோபர் 27 – ஞாயிறு

வீடு. இளவரசியின் கதவு சாத்தியே இருக்கிறது. அவள் மிதித்து சித்ராவுக்குக் குடல் கிழிந்துவிட்டது என்று தெரு முழுக்கப் பேச்சு. விருத்தாசலம் சொல்லிப் பரப்பியிருக்கிறார். இளவரசி சரியாகச் சாப்பிடுவதில்லையாம். எல்லாம் என் வாயால் வந்தது. எதுக்குடி சொன்ன?

அக்டோபர் 29 – செவ்வாய்

தண்ணீர் லாரி வந்தது. நான் குடம் தூக்கக் கூடாது. ஆனாலும் போய் நின்றேன். இந்தத் தெருவில் ஒருநாளும் சத்தமாகப் பேசியதில்லை. இன்று பேசினேன். "காய்ச்சல்ல தானா கிழிஞ்சது, டாக்டரே சொன்னாரு. இளவரசி மேல ஒரு தப்பும் இல்ல. இனிமே யாருனா ஏதாவது சொல்லணும்னா எங்கிட்ட வந்து சொல்லுங்க." வரிசையில் நின்ற இளவரசி குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. போகட்டும்.

அக்டோபர் 31 – தீபாவளி

தம்பி வரவில்லை, போன்தான். மாலையில் இளவரசி வடை கொண்டுவந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "நான்தான் உன்னக் கொன்னுட்டேன்னு நெனச்சிகினு கெடந்தேன்க்கா" என்றாள். போட்டது போட்டபடி கிடந்த பாத்திரத்தையெல்லாம் கழுவிவைத்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "தாப்பா போடாதக்கா. விடிஞ்சதும் நானே உள்ள வந்து பாக்கறேன்" என்றாள்.

அம்மா போனதிலிருந்து மேலும் கீழும் தாழ் போட்டுத்தான் படுப்பேன். இன்று போடவில்லை. கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.