ரெண்டு ஊட்டுக்கும் சிநேகிதன்

19.11.99 வெள்ளி

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டேன். புகை வாசம் ஏறும். ஏறட்டும்.

மத்தியானம் குமார் ஜீப் வந்தது, வாழைத்தார் ஏற்ற. என் ஊட்டுக்காரரோடு ஹாஸ்டலில் படித்தவன். ஊர் காளப்பநாயக்கன்பட்டி. மலை ஏறினால் எங்கள் வாசலில்தான் வண்டி நிற்கும். இந்தப் பக்கம் எங்க ஊடு, எதிரே இவர் அண்ணன் ஊடு, நடுவில் ஒரே வாசல். அத்தைக்குச் சாப்பாடு எங்களோடு, படுக்கை பெரிய மகன் ஊட்டில். குமார் ரெண்டு பக்கமும் சாப்பிடுவான்.

"அம்மா, இந்தச் சேலையில அப்படியே ஹெட்மாஸ்டரம்மா மாதிரி இருக்கீங்க." அத்தைக்கு வாயெல்லாம் பல். எங்கள் நாயைத் தூக்கி மடியில் வைத்துக் கொஞ்சினான். அத்தை காபி எடுக்க உள்ளே போனதும் அதே நாயின் விலாவில் செருப்புக் காலால் ஒரு உதை. அது கத்திக்கொண்டே புதருக்குள் ஓடியது.

"என்ன சாமி ஆச்சு?" உள்ளேயிருந்து அத்தை.

"தேள் கீள் கொட்டிருச்சோ என்னமோங்கம்மா. பாவம்."

என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நான் பார்த்தது அவனுக்குத் தெரியும்.

எல்லார் முன்னாலும் நான் 'தங்கச்சி'. ஆள் இல்லாவிட்டால் 'சுமதி'. யாரிடம் போய்ச் சொல்ல? பேர் சொல்லிக் கூப்பிட்டான் என்றால் சிரிப்பார்கள்.

சாயங்காலம் எதிரே பெரியவர், இவர் அண்ணன் ஊட்டில் டிவி. வெள்ளிக்கிழமைக் குடும்ப நாடகம். நாடகத்தில் மகனோட சிநேகிதன் வந்தாலே அத்தை சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். உள்ளே வந்ததும் அம்மாவிடம் "காபி வாசம் தெருமுனை வரைக்கும் வருதுங்க" என்பான். அப்பாவின் செருப்பை ஓரமாக எடுத்து வைப்பான். கதவு சாத்தினதும் மூத்தவனிடம் ஒன்று சொல்வான், இளையவனிடம் ஒன்று சொல்வான். இன்றைக்கு அண்ணனும் தம்பியும் தலையணையால் அடித்துக்கொண்டார்கள். பஞ்சு பறந்தது. டிவிக்குள் யார் யாரோ சிரித்தார்கள்.

"நம்ம குமாரு மாதிரியே இருக்கானில்ல," என்றது அத்தை. குமாரும் சிரித்தான், எல்லாரையும் விட அதிகமாக.

22.11.99 திங்கள்

பெரியவர் தோட்டத்தில் மிளகுக்கொடியை யாரோ அறுத்துவிட்டார்கள். கீழ் வரிசை முழுக்க, சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த நல்ல காய்ப்புக் கொடி. தரையோடு அறுத்து அப்படியே விட்டிருக்கிறது. மேலே இலையெல்லாம் தொங்குது. இன்னும் ரெண்டு மாசத்தில் பறிக்க வேண்டியது.

பெரியவர் சம்சாரம் வசந்தாக்கா மரத்தடியில் உட்கார்ந்து அழுதது. பிள்ளைகளும் பார்த்து அழுதன. நான் பக்கத்தில் போய் நின்றேன். அக்கா எப்போதும் கையைப் பிடித்துக்கொள்ளும். இன்றைக்குப் பிடிக்கவில்லை. எழுந்து போய்விட்டது.

பெரியவர் எங்க ஊட்டுப் பக்கம் பார்த்துக் காறித் துப்பினார். இவர் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அரிசி ஊறப்போட மறந்துவிட்டேன்.

23.11.99 செவ்வாய்

குமார் இவரைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் போனான். திரும்பி வந்தபோது இவர் மேலே சாராய வாசம். எப்போதும் கிடையாது. சோற்றுத் தட்டைச் சுவரில் அடித்தார். குழம்பு வழிந்தது.

நான் என்ன ஆச்சு என்று கேட்டேன். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"பிள்ளை இல்லாதவனுக்கு எதுக்குத் தோட்டத்துல பாதின்னு கேட்டாராம் என்ற அண்ணன். மலடியைக் கட்டிக்கிட்டு எவனுக்குச் சேர்த்து வெக்கறான்னு."

"உங்ககிட்டயா சொன்னாரு?"

"குமார்கிட்ட. அவன் சொல்ல மாட்டேன்னுதான் சொன்னான். நான்தான் சத்தியம் வாங்கிக் கேட்டேன்."

கல்யாணமாகி ஏழு வருசம். பெரியவர் என்னை ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. போன வருசம் ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது கூட வந்து வெளியே நின்றவர். அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று ஒரு மனசு. சொல்லியிருப்பாரோ என்று இன்னொரு மனசு. சுவரைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன். மஞ்சள் கறை போகவில்லை.

26.11.99 வெள்ளி

மழை. இன்றைக்கு நாங்கள் டிவி பார்க்கப் போகவில்லை. அத்தை மட்டும் போச்சு. வாசல் தாண்டி அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டது. நாடகத்தில் அண்ணன் தம்பி சண்டையெல்லாம் அரைமணி நேரத்தில் சரியாகிவிடும். இவர் வாசப்படியில் உட்கார்ந்து அருவாளைக் கல்லில் தேய்த்தார். "எதுக்குங்க?" "வெறகு வெட்ட." விறகு நேற்றே வெட்டியாச்சு.

பால் கொண்டுபோய் வைக்கப் போனபோது பெரியவர் என்னிடம் சொன்னார், "உன்ற ஊட்டுக்காரனைத் தோட்டத்துப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லு. வந்தா நல்லா இருக்காது."

அந்த முகத்தில் நான் முன்னே பார்க்காத எதுவோ. பால் சொம்பை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

29.11.99 திங்கள். ஆஸ்பத்திரியில்

நேற்று நடந்தது.  இவர் தூங்கும்போது எழுதுகிறேன்.

காலையில் இவர் தோட்டத்து வேலியிடம் போயிருக்கிறார். பின்னாலேயே ஓடினேன். பெரியவர் எதிரே. ரெண்டு பேர் கையிலும் அருவா. முதலில் பேச்சு. கொடி, பிள்ளை, செத்துப்போன மாமா பேர், எல்லாம் வாயில் வந்தது. இவர்தான் முதலில் தள்ளினார். பெரியவர் சேற்றில் விழுந்து எழுந்தார். எழுந்த வேகத்திலேயே வீசினார். இவர் தடுக்க இடது கையை நீட்டினார்.

சத்தமே இல்லை. இவர் கையைப் பார்த்தார். பெரியவரும் பார்த்தார். பிறகுதான் ரத்தம். என் முகத்தில் சூடாகத் தெறித்தது. சுண்டு விரல் புல்லில் கிடந்தது. அதை நான்தான் எடுத்தேன், முந்தானையில் சுற்றினேன்.

பெரியவர் அருவாளைப் போட்டுவிட்டு மேலே காட்டுப் பக்கம் ஓடிவிட்டார்.

ரோட்டுக்கு இவரைத் தாங்கிக்கொண்டு வந்தால் குமார் ஜீப் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவன் மலை ஏறமாட்டான். "அய்யோ மச்சான்" என்று வாயில் அடித்துக்கொண்டு அழுதான். தன் துண்டை இறுக்கிக் கட்டினான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இவர் தலை என் தோளில் முட்டியது. துண்டு நனைந்து என் மடியெல்லாம் ரத்தம். "தூங்காதே மச்சான், தூங்காதே" என்று குமார் கத்திக்கொண்டே ஓட்டினான். அவன் மட்டும் இல்லாவிட்டால் செத்திருப்பார். அதையும் எழுதத்தான் வேண்டும்.

விரலைச் சேர்க்க முடியாது என்றுவிட்டார்கள். மோதிர விரல் இனி மடங்காதாம்.

போலீஸ் வந்து கேட்டது. இவர் கண்ணைத் திறக்காமலே, "கெளை வெட்டினேனுங்க. வழுக்கிருச்சுங்க" என்றார். அவ்வளவுதான்.

30.11.99 செவ்வாய்

இட்லி வாங்க வெளியே போனேன். எதிரே எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாமல், உள்ளே குமார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினான். குரல் அழுகிற மாதிரி.

"கால்ல உழுந்து கெஞ்சினேனுங்கண்ணா. கேக்க மாட்டேங்கறான். கேஸ் எழுதிக் குடுத்துட்டான். உங்களை உள்ளே வெச்சுட்டுத் தோட்டம் முச்சூடும் எழுதி வாங்கப் போறானாமுங்க. நீங்க ஊர்ப்பக்கம் வந்துராதீங்க."

போனை வைத்தான். முகத்தைத் துடைத்தான். கண்ணில் தண்ணீரே இல்லை. பூத்துக்காரம்மாவிடம், "இங்க நல்ல பரோட்டா எங்கக்கா கெடைக்கும்?" என்றான்.

நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். இட்லிப் பொட்டலம் கையைச் சுட்டது தெரியவில்லை.

இவரிடம் சொன்னேன். நம்பவில்லை. "அவன்தான் என்னைத் தூக்கிட்டு வந்தான்," என்றார். திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்தபடியே, "கேஸுன்னா சொன்னான்?" என்றார்.

2.12.99 வியாழன்

வசந்தாக்கா பஸ்ஸில் வந்துவிட்டது. தூக்குப்போசியில் சாமைச் சோறும் ரசமும். வார்டு வாசலிலேயே நின்றுகொண்டது. உள்ளே வர பயம். நான் போய்க் கையைப் பிடித்தேன்.

வராந்தாவில் உட்கார்ந்தோம்.

"நீங்க கேஸ் குடுத்தது சரிதான் சுமதி. நாங்க செஞ்சதுக்கு."

"யாரு குடுத்தா? வழுக்கி வெட்டிருச்சுன்னுதானுங்க அக்கா இவரு சொன்னாரு."

அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டது.

பிறகு நான் கேட்டேன். கேட்கவே கூச்சமாக இருந்தது. "நான் மலடின்னு மச்சாண்டார் சொன்னாருங்களா?"

"என்ற பிள்ளைக மேல சத்தியம். அந்த மனுசன் வாயில அந்த வார்த்தை வராது. யாரு சொன்னது?"

"குமார்."

அக்கா தூக்குப்போசியைக் கீழே வைத்தது. "கொடியை உன்ற ஊட்டுக்காரர்தான் அறுத்தாரு, கண்ணால பார்த்தேன்னு எங்ககிட்டச் சொன்னதும் அவன்தான்."

ரெண்டு பேரும் ரசத்தைக் குடிக்காமல் ஆறவிட்டோம்.

கோயில் ரோட்டுக் கடைப் போனில் குமார் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பெரியவர் காட்டுக் கோயில் பக்கமே ஒளிந்திருக்கிறாராம். மழையில். நாளைக்குக் கூட்டி வருவதாக அக்கா சொல்லிப் போனது.

3.12.99 வெள்ளி

பெரியவர் வந்தார். தாடி, கிழிந்த சட்டை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். கட்டுப்போட்ட கையைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்தார்.

இவர் சொன்னார், "கொடியை நான் அறுக்கலீங்ண்ணா."

"செரி."

"சத்தியமா."

"செரின்னு சொல்லீட்டேனில்ல."

பெரியவர் உட்கார்ந்து இவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். இவரும். பக்கத்துக் கட்டில்காரரோட சம்சாரம் எழுந்து வெளியே போச்சு. நான் அழவில்லை. எனக்குள் வேறு ஒன்று இருந்தது. குமாரின் வாய்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. அதை உடைக்கணும்.

6.12.99 திங்கள்

ஊட்டுக்கு வந்தாச்சு. வெயில், ரொம்ப நாளைக்கப்புறம். நாய் இவர் கட்டுப்போட்ட கையை நக்க வந்து திட்டு வாங்கியது.

குமார் வருவான் என்று எல்லாருக்கும் தெரியும்.  பெரியவர் வாசலிலேயே உட்கார்ந்து கூடை கட்டினார்.

8.12.99 புதன்

வந்தான். கையில் ஆரஞ்சுப் பழம். "அம்மா, உடம்பு எப்படீங்க? ரொம்ப எளச்சுட்டீங்களே."

அத்தை, "வா சாமி, உக்காரு" என்றது. காபி கொடுத்தது. அவன் ஒரு வாய் குடித்ததும் மெதுவாகக் கேட்டது. "என்ற மக்க ரெண்டு பேருக்கும் நடுவுல நீ பேசுனியா?"

"என்னங்கம்மா இது. நான் உங்க பையன் மாதிரி."

நான் ஜீப்பிலிருந்து சாவியை எடுத்து ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். வாசல் கேட்டைச் சாத்திக் கொக்கி போட்டேன். யாரும் சொல்லி இல்லை.

முதல் அடி பெரியவர். காபி டம்ளரோடு சேர்த்து முகத்தில். இவர் ஒரு கையால் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி உதைத்தார். நாடகத்தில் அடித்தால் டமால் என்று கேட்கும். இது ஈரத்துணியைக் கல்லில் அறைகிற மாதிரி. வசந்தாக்கா விளக்குமாற்றோடு வந்து, ஒரு அடி அடித்துவிட்டு அதைப் போட்டுவிட்டது. பல் ஒன்று அத்தை காலடியில் வந்து விழுந்தது.

எனக்கு முதலில் நன்றாக இருந்தது. மறைக்க என்ன இருக்கு, இது என் எழுத்து. அப்புறம் அவன் கையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு, திருப்பி அடிக்காமலே கிடந்தான். இவர்கள் நிறுத்தவில்லை. ரெண்டு பேரும் ஒரே மாதிரி மூச்சு வாங்கினார்கள், கிணறு வெட்டுகிறவர்கள் மாதிரி. பெரியவர் எழுந்து சுவரோரம் இருந்த அருவாளை எடுத்தார். நான் போய் அவர் மணிக்கட்டை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "வேண்டாங்க. போதுமுங்க." அவர் என்னை உதறினார். நான் விடவில்லை. என் நகம் அவர் தோலில் இறங்கியது. அப்போதுதான் விட்டார்.

கீழேயிருந்து குமார், உடைந்த வாயோடு, "அம்மா, நீங்க சொல்லுங்கம்மா."

அத்தை எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

9.12.99 வியாழன்

நேற்று மிச்சத்தை எழுத முடியவில்லை. அவனைக் கீழே கொண்டுபோக வேண்டியிருந்தது. தாடை தொங்கிவிட்டது. அத்தை உள்ளேயிருந்தே சொன்னது, "நாம அடிச்சது. நாமளே ஆஸ்பத்திரியில உட்டுட்டு வரோணும்." ஆம்பிளைகள் போனால் வழியிலேயே கொன்றுவிடுவார்கள் என்று என்னை அனுப்பியது. எங்க ஊர் மளிகைக் கடைக்காரர் ஜீப்பை ஓட்டினார். பின்னால் சாக்கு மேலே அவன், எதிரே நான்.

பாதி மலை வரைக்கும் முனகல் மட்டும். பிறகு, ஆள் முன்னால் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, "சுமதி."

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"நெஜமா அடிச்சது பெரியவர்தான். உன்ற ஊட்டுக்காரன் சும்மா தொட்டான். பெரியவருக்குக் கோபம் இன்னும் உள்ள கெடக்கு. பார்த்துக்க."

வார்த்தையோடு ரத்தம் வழிந்தது. துண்டைக் கொடுத்தேன். வாங்கித் துடைத்துக்கொண்டான்.

"எதுக்கு இப்படிச் செஞ்ச?" என்றேன்.

"நான் என்ன செஞ்சேன்? அவங்கவங்க மனசுல கெடந்ததைச் சொன்னேன். கெடக்காட்டி ஏன் நம்பினாங்க?"

அடுத்த வளைவில் ஜீப் சாய, அவன் என் காலருகே சரிந்தான். நான் தூக்கி உட்கார வைத்தேன். என் காதுக்குப் பக்கத்தில் அவன் வாய்.

"பெரியவருகிட்ட நான் சொன்னது பொய்யில்ல. கொடியை நான் அறுக்கல. உன்ற ஊட்டுக்காரனைக் கேளு."

சிரித்தானா, வலியில் முகம் அப்படிப் போனதா, தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில், கடைப் போன் சேதி கேட்டு வந்திருந்த அவன் அம்மா. ஓடி வந்தது. அதைப் பார்த்ததும், "ஒண்ணுமில்லம்மா, ஜீப்புலருந்து உழுந்துட்டேன். இந்தத் தங்கச்சிதான் கொண்டாந்து சேர்த்துச்சு" என்றான். அந்த அம்மா என் ரெண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

10.12.99 வெள்ளி

மேகமூட்டம். இவருக்குக் கட்டு மாற்றினேன். தையல் காய்ந்திருக்கிறது. சீழ் இல்லை.

எதிர் ஊட்டிலிருந்து பெரியவர் பலாக்கொட்டை வறுத்துக் கொண்டுவந்து இவர் மடியில் கொட்டினார். ரெண்டு பேரும் தோலை வாசலெல்லாம் துப்பினார்கள்.

பெரியவர் போனதும் இவர் கேட்டார். "அவன் ஜீப்புல ஏதாச்சும் சொன்னானா?"

இவர் வலது கையில் இன்னும் குமாரை அடித்த காயம். அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடியைப் பற்றிக் கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது.

"ஒண்ணும் சொல்லலீங்க," என்றேன். "தாடை ஒடஞ்சவன் என்னத்தைப் பேசுவான்."

சோறு போட்டேன்.