முன்தேதி போட்ட பத்திரம்

அன்பு மகன் பரணிதரனுக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், மனசைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. கத்தார் வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்து நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பிடுங்கி, "ஒண்ணும் இல்லடா, எல்லாம் நல்லாத்தான் கீது" என்று வைத்துவிடுகிறார். அதனால்தான் லீவு முடிந்து திரும்பும் வெங்கடேசனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

காண்ட்ராக்டர் ராஜாராமை உனக்கே தெரியும். எத்தனையோ வருஷமாக அவன் எடுக்கிற கட்டடத்துக்கெல்லாம் சென்ட்ரிங் வேலை நம்முடையதுதான். உன் அக்கா கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறினவன். எழுத்தில் மட்டும் ஒன்றும் கிடையாது. அப்பா கேட்டால், "அண்ணாத்த, நமக்குள்ள பேப்பர் இன்னாத்துக்கு?" என்று தோளில் கை போடுவான், இவரும் குளிர்ந்துபோவார். இப்போது திருவிடந்தை பக்கம் ஒரு ரிசார்ட் கட்டுகிறான். போர்ட்டிகோவுக்குக் கான்கிரீட் போட்டு நாலு நாள்கூட ஆகவில்லை, ஓனர் குடும்பம் பார்க்க வருகிறது, கான்கிரீட்டைத் தாங்கும் முட்டுகளைப் பிரித்துவிடு என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். இவர் முடியாது, இன்னும் இறுகவில்லை என்று சொல்லிவிட்டு வேலையை நிறுத்திவிட்டு வந்துவிட்டார். அவன் வேறு ஆட்களை வைத்துப் பிரித்துவிட்டான். அது தெரியாமல் பலகை எடுக்கப் போன, அப்பாவிடம் வேலை பார்க்கும் நம்ம செய்யூர் சடையப்பன் மேலேயே போர்ட்டிகோ ஓரம் இடிந்து விழுந்தது. உயிர் தப்பியதே பெரிது. வலது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள், செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

எனக்கு வயிறு எரிவது அதற்கப்புறம் நடந்ததில்தான். அந்த ராஜாராம் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் நம் வீட்டுக்கு ஆப்பிளும் பத்திரமும் எடுத்துக்கொண்டு வந்தான். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, கையெழுத்துப் போடு அண்ணாத்த என்கிறான். உன் அப்பா, எந்த உலகத்தில் இருக்கிறாரோ, பேனாவைக் கையில் எடுத்துவிட்டார்! நான் போய்ப் பத்திரத்தைப் பிடுங்கிச் சத்தமாகப் படித்தேன். முட்டு போடுவது, பிரிப்பது, ஆட்களின் பாதுகாப்பு எல்லாமே அப்பா பொறுப்பாம். தேதி மட்டும் போன தை மாசம், வேலை ஆரம்பிக்கும் முன்பே எழுதின மாதிரி! கேட்டால், "இன்னா அண்ணி, என் மேல நம்பிக்க இல்லியா?" என்று முகத்தைத் தொங்கப் போடுகிறான். "நம்பிக்கயா? ஒரு மனுசன் கால ஒடச்சிட்டு அந்தப் பழிய என் வூட்டுக்காரரு தலயில கட்ட வந்துகீற, உனுக்கு நம்பிக்க வேற கேக்குதா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். கத்தினதில் எனக்கு வெட்கம் இல்லை.

அப்பா பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "கெளம்பு ராஜாராம்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் சடையப்பன் மனைவி துர்காதேவியை அழைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், முட்டுகளைப் பிரிக்கச் சொன்னது யார், பிரித்தது யார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கேஸ் பதிவாகியிருக்கிறது. என்ன ஆகுமோ தெரியாது. மாமல்லபுரம் வரைக்கும் எந்த சைட்டிலும் அப்பாவுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று அவன் சொல்லி வைத்திருக்கிறான், கூட டீ குடித்தவர்களே போனை எடுப்பதில்லை. இப்போதைக்கு மதுராந்தகத்தில் சின்னதாக ஒரு வேலை கிடைத்திருக்கிறது. பஸ்ஸில் போய் வருகிறார், ராத்திரி நன்றாகத் தூங்குகிறார்.

நீ பயந்துகொண்டு லீவு கேட்காதே. சடையப்பனுக்கு மட்டும் மறக்காமல் போன் போடு, உன்னைத் தூக்கித் திரிந்தவன். இன்னொன்று, நீயும் அங்கே சூப்பர்வைசர். நேபாளத்துப் பிள்ளைகள், பீகார் பிள்ளைகளிடம் கம்பெனி பேப்பரில் கையெழுத்து வாங்குகிறாய். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்லிவிட்டு வாங்கு. சொல்ல முடியாத பேப்பராக இருந்தால் நீ அதை நீட்டாதே. வேலை போனால் போகட்டும், வீடு இங்கேதான் இருக்கிறது.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

ஆசிகளுடன்
உன் அம்மா
லோகநாயகி பன்னீர்செல்வம்